நிழல் இல்லாத கேம்பிங்குகள்

சுவிஸில முதன்முதல் வோன்மொபிலில விடுமுறைக்குப் போன தமிழ்க் குடும்பம் எங்கட குடும்பம்தான். கட்டில், குசினி, ரொய்லெட் எல்லாம் உள்ளுக்கயே இருக்கிற ஏழு மீற்றர் வண்டி. போற இடத்தைத் தெரிஞ்செடுத்தது நான். பத்து வயசில மூண்டு பாஷையில கேம்பிங் புத்தகம் வாசிச்சு, வீட்டாக்களுக்குத் தமிழில சொல்லி, இதுதான் இடம் எண்டு கை காட்டினவன் நான்.

சரி, புளுகு. எங்களுக்கு முதலே ஊஸ்டரில ஒரு குடும்பம் போட்டு வந்து படமும் சட்டம் போட்டுக் கொழுவி வச்சிருக்கினம். வண்டியும் எங்கட இல்லை, இரவல். மூண்டு பாஷை எண்டது அதைவிடப் பெரிய பொய். அந்த வயசில எனக்கு ஒரு பாஷையும் ஒழுங்கா வாசிக்கத் தெரியாது.

கதைக்கத் தெரியும். சுவிஸ் டொச், அதுதான் இந்த ஊர் ஜேர்மன் பாஷை, என்ர வாயில தண்ணி மாதிரி ஓடும். பாண்கடையில, ட்ராமில, பந்தடிக்கிற இடத்தில எல்லாம் நான்தான் பேச்சாளர். ஆனா எழுத்தைக் கண்டால் எறும்புப் புத்தைக் கிளறினமாதிரி எல்லாம் ஓடத் தொடங்கிடும். பள்ளிக்கூடத்தில என்னையும் இன்னும் மூண்டு பேரையும் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு ரீச்சர் எழுத்தை விரலால தொட்டுத் தொட்டு வாசிக்கப் பழக்குவா. அதை நான் வீட்டில எப்பிடிச் சொல்லி வச்சிருந்தன் எண்டால், கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு மட்டும் தனி அறையாம். அம்மா அதைக் கேட்டுக் கோயிலில என்ர பேருக்கு ஒரு அருச்சனை செய்தவ. பிள்ளையாருக்கு உண்மை தெரிஞ்சிருக்கும். அவர் ஒண்டும் சொல்லேல்லை.

இப்பவும் பெரிசா முன்னேறேல்லை. பாண் ஏத்துற வண்டி ஓடுறன். அதுக்கு வீதியின்ர பேர் வாசிச்சால் காணும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்க பக்கத்து அறையில என்ர மகள் லப்ரொப்பைத் திறந்து வச்சு என்ர அப்பாவுக்கு கேம்பிங் வாசிச்சுக் காட்டிக்கொண்டிருக்கிறா. அவ உண்மையாவே வாசிக்கிறவ, எங்க இருந்து வந்த குணமோ தெரியேல்லை. இந்த முறை கடலுக்குப் போக நான் ஒரு வண்டி வாடகைக்குச் சொல்லி வச்சிருக்கிறன். இடம்தான் இன்னும் சரிவரேல்லை. காலமையில இருந்து அப்பாவின்ர குரல்தான் கேக்குது. "இது சரிவராது, மகள். அடுத்ததைப் பார்."

இதைக் கேக்கேக்கதான் அந்தக் கதை ஞாபகம் வந்தது.

அப்ப நாங்கள் சூரிச்சில, ஓர்லிகோனில, மூண்டாம் மாடியில இருந்தம். அப்பா, அம்மா, நான், பிறகு மாமா. மாமா எண்டது அம்மாவின்ர தம்பி. ஆஸ்பத்திரி லோண்டரியில வேலை செய்தவர், கலியாணம் கட்டேல்லை, எங்கட சோபாதான் அவரின்ர வீடு. அப்பா ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில வேலை. அவரின்ர முதலாளியை நாங்கள் எல்லாரும் ஷெஃப் எண்டுதான் சொல்லுவம். நல்ல மனுஷன். அந்த வருஷம் ஷெஃப் மலையில சறுக்கப் போய்க் காலை முறிச்சுக்கொண்டு வந்திட்டார். ஏப்ரல் விடுமுறைக்கு அவர் கொண்டுபோற வோன்மொபில் சும்மா நிக்கப் போகுது. ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, "நீ ஆறு வருஷமா ஒரு இடமும் போகேல்லை. வண்டியைக் கொண்டு போ" எண்டு சாவியையும் ஒரு தடிச்ச புத்தகத்தையும் குடுத்து விட்டார்.

அந்தப் புத்தகம்தான் கேம்பிங் புத்தகம். சுவிஸ், இத்தாலி, பிரான்ஸ் எண்டு எல்லா நாட்டு கேம்பிங்கும் இருக்கு. அதில ஒரு பக்கத்தில ஷெஃப் சிவத்தப் பேனையால வட்டம் போட்டிருந்தார். இத்தாலிக் கடற்கரை. கொத்தார்ட் மலைச் சுரங்கப் பாதையால போய், எல்லையைத் தாண்டி இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஓடினால் கடல். ஏப்ரலிலயே சட்டையைக் கழட்டிப்போட்டு நிக்கலாமாம். தேசிக்காய் மரத்தில காயோட நிக்குமாம். அப்பா எல்லாத்துக்கும் "ஓம் ஷெஃப், ஓம் ஷெஃப்" எண்டு தலையாட்டிப்போட்டு வந்தார்.

கடல் எண்டு கேட்டதும் எனக்குக் கால் நிலத்தில முட்டேல்லை. அதுக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கட வகுப்பில விடுமுறை முடிஞ்ச முதல்நாள் எல்லாரும் வட்டமா இருந்து, போன இடத்தில இருந்து கொண்டுவந்த ஒரு சாமானைக் காட்டோணும். அதுக்கு முந்தின விடுமுறையில நான் ஒரு இடமும் போகேல்லை. ஓர்லிகோன் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில ஒரு கறுப்புக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு போய், இது ஆபிரிக்காக் கல்லு எண்டு சொன்னன். முன் வாங்கில ஒரு பெடியன் இருந்தவன், ஒவ்வொரு வருஷமும் இத்தாலிக் கடலுக்குப் போற வீட்டுப் பெடியன். அவன் அதே மாதிரி நாலு கல்லை அடுத்தநாள் கொண்டுவந்து மேசையில அடுக்கினான். அண்டையில இருந்து எனக்கு வகுப்பில ஆபிரிக்கா எண்டு பேர்.

அதாலதான் வண்டிச் சாவி வீட்டுக்கு வந்த அடுத்தநாளே நான் வகுப்பில சொல்லிப்போட்டன், நாங்கள் கடலுக்குப் போறம், வோன்மொபிலில போறம் எண்டு. முன்வாங்குப் பெடியன் சொன்னான், "ஒரு போத்தில் கடல்தண்ணி கொண்டு வா. நான் குடிச்சுப் பாப்பன். கடல் இல்லாட்டி நீ வட்டத்துக்கு நடுவில நிண்டு நான் பொய்யன் எண்டு சொல்லோணும்." நான் கையடிச்சுக் குடுத்திட்டன். வாழ்க்கையில முதல்தரம் நான் சொன்ன ஒரு கதை உண்மையா வரப்போகுது எண்ட துணிவு.

வீட்டில புத்தகத்தை மேசையில விரிச்சம். நான் நடுவில, வாசிக்கிற ஆள். அம்மா, அப்பா, மாமா சுத்திவர. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தேவை. அம்மாவுக்கு ரொய்லெட்டுக்குள்ள கைபடுற தூரத்தில பைப் இருக்கோணும், மிளகாய் பொரிச்சால் பக்கத்து வெள்ளைக்காரர் இருமாத அளவுக்குத் தள்ளி இடம் வேணும். மாமாவுக்கு சோத்துக் குக்கர் கொழுவ கரண்ட் இருந்தால் காணும். "சோறும் கரண்டும் இருந்தால் நரகத்திலயும் ஒரு கிழமை இருப்பன்" எண்டார். அப்பா தனக்கு ஒண்டும் தேவையில்லை, எல்லாருக்கும் பிடிச்சால் சரி எண்டார். உலகத்திலயே மோசமான ஆக்கள், தனக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு சொல்லுற ஆக்கள்தான்.

நான் ஷெஃப் வட்டம் போட்ட பக்கத்தைத் திறந்தன். ஒரு எழுத்தும் விளங்கேல்லை. படத்தைப் பாத்து வாசிச்சன். "இந்த கேம்பிங்கில கடல் வண்டிக்குக் கிட்ட. பைப் எல்லா இடமும் இருக்கு. ஆசியாச் சாப்பாடு சமைக்கிற ஆக்களுக்குத் தனி இடம். கரண்ட் இலவசம்."

அம்மா சந்தோசப்பட்டா. மாமா கைதட்டினார். அப்பா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தார்.

"இதில நிழல் இல்லை" எண்டார்.

"அப்பா, இதில குடை இருக்கு. நாலு குடை."

"குடை நிழல் நிழலே? மரம் ஒண்டும் இல்லை. பிள்ளைக்குத் தலையிடிக்கும். அடுத்ததைப் பார்."

அடுத்ததும் கடல். அதில கடல்காத்து வண்டிக்குத் துருப்பிடிக்கப் பண்ணுமாம், ஷெஃப்பின்ர வண்டியாம். அதுக்கடுத்ததில அலை கூடிப்போச்சாம். அதுக்கடுத்ததில மண் கறுப்பு. ஒண்டில நிறைய மரம் நிண்டது, நான் சந்தோசத்தில மேசையில அடிச்சன். அப்பா கொஞ்சநேரம் யோசிச்சுப்போட்டு, "உது பைன் மரம். பைன் மரத்தில நிழல் நிக்காது" எண்டார். மாமா அப்பாவைப் பாத்தார், பிறகு கூரையைப் பாத்தார். பைன் மரத்தின்ர நிழல் எங்க போகும் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

நானும் விடேல்லை. சுவிஸ் பக்கங்கள் வரேக்க என்ர மொழிபெயர்ப்பு மாறும். ரெசினில ஏரிக்கரையில கனக்க கேம்பிங் இருந்தது, அது சுவிஸின்ர தெற்குப் பக்கம், இத்தாலி மொழி கதைக்கிற இடம், ஏப்ரலில சூரிச்சில ஸ்னோ கொட்டேக்க அங்க பூப் பூக்கும். அந்தப் பக்கங்களை நான் இப்பிடி வாசிச்சன். "இங்க பாம்பு இருக்கு. கவனம் எண்டு எழுதியிருக்கு. இங்க சோறு காச்சக் கூடாது. மீறினால் பொலிஸ்." பொலிஸ் எண்டதும் அம்மாவின்ர முகம் மாறினதைக் கண்டு, எனக்குப் பெருமையா இருந்தது. நல்லா வேலை செய்யுது எண்டு, மற்ற ரெண்டு கேம்பிங்குக்கும் பொலிஸைப் போட்டன்.

மூண்டு பின்னேரம் இப்பிடிப் போச்சு. அந்த மேசையில ரெண்டு பொய்யர் இருந்தம். ஒராள் நான். மற்றது ஆர் எண்டு எனக்கு அப்ப தெரியாது.

கடைசியில அப்பா தன்ர விரலாலயே ஒரு படத்தைத் தொட்டார். ரெசின் ஏரிக்கரை, லொக்கார்னோவுக்குக் கிட்ட. தண்ணி நீலமா இருந்தது, கரையில பனை மாதிரி மரமும் நிண்டது. "இதுதான். கடல் மாதிரித்தானே இருக்கு."

"அப்பா, கடல் எண்டால் மற்றக் கரை தெரியாது. உப்பா இருக்கும். உங்களுக்குத் தெரியாது" எண்டு நான் விளங்கப்படுத்தினன். வாசலில இருந்து கல்லெறிஞ்சால் கடலில விழுற வீட்டில பிறந்து, இருபத்தாறு வயசு வரைக்கும் அங்கயே இருந்த மனுஷனுக்கு. அப்பா "அப்பிடியோ?" எண்டு கேட்டுக்கொண்டார்.

நான் அழுதன். சாப்பிடமாட்டன் எண்டன். பிறகு சாப்பிட்டன், கோழிப் பிரட்டல் எண்டபடியால். சாப்பிடேக்கதான் அந்த யோசினை வந்தது. முன் சீற்றில வரைபடத்தோட இருந்து வழி சொல்லப் போறது ஆர்? வாசிக்கத் தெரிஞ்ச ஆள்தானே. நான்தானே.

சனிக்கிழமை நல்ல நேரம் பாத்து, சில்லுக்கு அடியில தேசிக்காய் வச்சு நசிச்சு, வெளிக்கிட்டம். ஓர்லிகோனில மழையும் ஸ்னோவும் கலந்து ஊத்தினது. அப்பா கதிரையின்ர நுனியில இருந்து, ஸ்ரேறிங்கைக் கட்டிப்பிடிச்சபடி எண்பதில ஓடினார். லொறியெல்லாம் எங்களை முந்தினது. கொத்தார்ட் சுரங்கத்துக்குள்ள குளிரோட புகுந்து மற்றப் பக்கத்தால வெளியில வர, வெயில் எறிச்சது. அம்மா ஜக்கெட்டைக் கழட்டினா. மாமா பின்னுக்கு மேசையில இருந்து கடலை வடை தின்னுகொண்டு பாட்டுப் படிச்சார். நான் வரைபடத்தை விரிச்சு வச்சிருந்தன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்டுதான். நீலமா இருக்கிற ஏரிக்கரையால கீழ்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தால் இத்தாலி. இத்தாலிக்குப் பிறகு கடல்.

கேம்பிங்குக்குத் திரும்புற இடம் வந்தது. கூடாரப் படம் போட்ட பலகை, அதுக்கு எழுத்துத் தேவையில்லை, எனக்கே விளங்கினது.

"இதில திரும்பிறதோ, தம்பி?"

"இல்லை அப்பா. நேர போங்கோ."

நேர போனம். ஒரு சுரங்கம் வந்தது, அதால வெளிய வர லொக்கார்னோ பின்னுக்குப் போட்டுது. பாதை ஒடுங்கத் தொடங்கினது. வலப்பக்கம் கல்மதில், இடப்பக்கம் கீழ தண்ணி. மதிலுக்கு மேலால சிவத்தப் பூவெல்லாம் தொங்கினது. முன்னால போஸ்ட் பஸ் பாம் பாம் எண்டு கோணடிச்சுக்கொண்டு வர, அப்பா மூச்சை உள்ளுக்க இழுத்தால் வண்டியும் ஒடுங்கும் எண்டு நினைச்ச மாதிரி வயித்தை எக்கிக்கொண்டு ஒதுங்கினார். "இன்னும் எவ்வளவு தூரம்?" எண்டு ரெண்டு மூண்டு தரம் கேட்டார். "கிட்டத்தான்" எண்டன். அது பொய்யும் இல்லை.

ஒரு வளைவு திரும்ப, தூரத்தில றோட்டுக்கு மேல ஒரு கூரை. பக்கத்தில கொடி. சீருடையோட ரெண்டு பேர்.

அப்பா பிரேக் அடிச்ச அடியில பின்னுக்கு அலுமாரி திறந்து, பருப்புப் பேணி உருண்டுகொண்டு முன்னுக்கு வந்தது.

மாமாவின்ர பாட்டு நிண்டது. அம்மா தன்ர கைப்பையை எடுத்து மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சா. அதுக்குள்ள நகை இருக்கு, கள்ளருக்குப் பயப்பிடுறா எண்டு நினைச்சன். அப்பா வண்டியைத் திருப்பத் தொடங்கினார். ஏழு மீற்றர் வண்டி, ஆறு மீற்றர் றோட்டு. முன்னுக்கு ஒரு முழம், பின்னுக்கு ஒரு முழம். மாமா இறங்கிப் பின்னால நிண்டு, "வா வா வா" எண்டும் "நில் நில்" எண்டும் ஒரே மூச்சில கத்தினார். வண்டி றோட்டுக்குக் குறுக்கால கதவு மாதிரி நிண்டுது. ரெண்டு பக்கமும் கார்கள் நிரையா நிண்டு கோணடிக்கத் தொடங்கிச்சுது. அப்பாவின்ர நெத்தியில இருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டினது. நான் வெக்கத்தில சீற்றுக்குக் கீழ போனன். என்ர அப்பாவுக்கு ரிவேர்ஸ் எடுக்கத் தெரியாது.

சீருடைக்காரர் ஒராள் எங்களை நோக்கி நடந்து வந்தார். அப்பா ஸ்ரேறிங்கில இருந்து கையை எடுத்து, முழங்காலுக்கு மேல ஒழுங்கா வச்சார், படத்துக்கு இருக்கிற மாதிரி.

அவர் முதல் இத்தாலியில கதைச்சார், பிறகு பிஞ்ச டொச்சில. எங்க போறீங்கள் எண்டு கேட்டார். பேச்சாளர் நான் இருக்கிறன்தானே. யன்னலால தலையை நீட்டி, நல்ல சுவிஸ் டொச்சில சொன்னன்.

"கடலுக்கு! இத்தாலிக்கு!"

அந்த மனுஷன் சிரிச்சார். "அப்ப ஏன் திரும்புறீங்கள்? இத்தாலி இந்தா இருக்கு. நேர போங்கோ!" எண்டு சொல்லிப்போட்டு, எங்களுக்கு உதவி செய்ய வெளிக்கிட்டார். நடுறோட்டுக்குப் போய், கையைத் தூக்கி எல்லாக் காரையும் மறிச்சு, மற்றக் கையால எங்களை வாங்கோ வாங்கோ எண்டு எல்லைப் பக்கம் கூப்பிட்டார். ஒரு ராசாவுக்கு வழி விடுற மாதிரி. இப்பிடி மரியாதை எங்களுக்கு சுவிஸில அதுக்கு முதலும் கிடைச்சதில்லை, பிறகும் கிடைக்கேல்லை.

அப்பா அசையேல்லை. எஞ்சின் நிண்டு போச்சு.

"இஞ்சாருங்கோ" எண்டு அம்மா பின்னால இருந்து மெல்லமாச் சொன்னா. "ஏதாவது சொல்லுங்கோ."

அப்பா யன்னலால எட்டி, தனக்குத் தெரிஞ்ச டொச்சில சொன்னார். பிள்ளைக்கு வருத்தம். வயித்துக்குத்து. திரும்பிப் போகோணும்.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? கடல் முன்னுக்கு இருக்கு, பொலிஸே வா எண்டு கூப்பிடுது, பெத்த தகப்பன் பொய் சொல்லுறார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை!" எண்டு சுவிஸ் டொச்சில கத்த வாயைத் திறந்தன். அந்த நேரம் பார்த்துக் கதவால ஏறின மாமா என்ர துடையில ஒரு கிள்ளுக் கிள்ளினார். இரும்புக் குறடு. நான் போட்ட சத்தத்தில சீருடைக்காரர் ஓடி வந்தார். கண்ணால தண்ணி கொட்டுது, நான் நெளியிறன், அம்மா என்ர வயித்தைத் தடவுறா. அதைவிட நல்ல வயித்துக்குத்தை ஒரு டொக்டரும் கண்டிருக்கமாட்டார்.

அவரின்ர முகம் மாறிப்போச்சு. அவருக்கும் பிள்ளையள் இருந்திருக்கும். தானே பின்னால நிண்டு, அப்பாவுக்கு வலம், இடம், மெல்ல, நில் எண்டு கை காட்டி, அஞ்சு நிமிசத்தில வண்டியைத் திருப்பித் தந்தார். போகேக்க யன்னலால என்ர தலையைத் தடவி, "சுகமாகு. கடல் ஒரு இடமும் ஓடாது" எண்டார்.

திரும்பி வரேக்க நான் அப்பாவோட கதைக்கேல்லை. அப்பாவின்ர சேட்டு முதுகில ஒட்டியிருந்தது. வழி பிழைச்சதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேக்கேல்லை. கொஞ்சத் தூரம் வந்தாப்பிறகு, "நல்ல மனுஷன்" எண்டு மட்டும் சொன்னார். "ஓம் அத்தான்" எண்டார் மாமா. அம்மா கைப்பையை கேம்பிங் வாசலிலதான் கீழ வச்சா.

இந்தக் கதையை நான் அஞ்சு வருஷம் பிறந்தநாள் வீட்டுக்கு வீடு சொல்லித் திரிஞ்சன். அப்பா ரிவேர்ஸ் எடுக்கத் தெரியாமல் எல்லையில வேர்த்துக் கொட்டின கதை. வேர்வை மூக்கு நுனியில சொட்டுறதை நடிச்சும் காட்டுவன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பினம். அப்பாவும் கதிரையில இருந்து சேர்ந்து சிரிப்பார்.

பதினஞ்சு வயசில எங்கட வகுப்பு பிரான்சுக்கு ஒருநாள் பயணம் போனது. பேருந்து வெளிக்கிடுற அண்டு எனக்குக் காச்சல் எண்டு அப்பா கடிதம் குடுத்து விட்டார். எனக்குக் காச்சல் இல்லை. ரெண்டாம் தரமும் என்னைச் சுகமில்லாமல் ஆக்கிப்போட்டார் எண்டு நான் கதவை அடிச்சுச் சாத்த, மாமாதான் என்னைக் கூப்பிட்டு அம்மாவின்ர கைப்பையைத் திறந்து காட்டினார். நகை ஒண்டும் இல்லை. எங்கட நாலு பேரின்ர கார்டு. எஃப் எண்டு போட்டது. இந்த நாட்டில இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனா கேக்காமல் எல்லைக்கு அங்கால காலை வைக்கேலாது. வச்சால் திரும்ப விடுவினமோ மாட்டினமோ எண்டு அப்பாவுக்குத் தெரியாது, ஆரிட்டக் கேக்கிறது எண்டும் தெரியாது. ஷெஃப்புக்குச் சொல்ல அவருக்கு வெக்கம். எனக்குச் சொன்னால் நான் வகுப்பில சொல்லிப்போடுவன். அது உண்மைதான், நான் சொல்லியிருப்பன்.

அதுக்குப் பிறகு அந்தக் கதையை நான் வீடுகளில சொல்லுறதில்லை. அப்பாதான் சிலநேரம், "டேய், உந்த ரிவேர்ஸ் கதையைச் சொல்லு" எண்டு கேப்பார்.

எல்லாருக்கும் சுவிஸின்ர சிவத்தப் பாஸ்போட் வந்து கனகாலம். ஷெஃப் வட்டம் போட்ட அந்தக் கடலுக்குத்தான் இன்னும் போகேல்லை. வேலை, பிறகு முழங்கால் நோ, பிறகு நிழல் இல்லை. இப்பவும் பக்கத்து அறையில கேக்குது. "இதில மரம் எங்க, மகள்? உது குடை."

விட்ட இடத்துக்கு வாறன். கேம்பிங் நல்ல இடம்தான், பாம்பும் இல்லை, பொலிஸும் இல்லை. அப்பா எல்லா இடத்தையும் நடந்து நடந்து பாத்து, தண்ணிக்கு நேர, ஒரு பெரிய மரத்துக்குக் கீழ வண்டியை விட்டார். பின்பக்கமா, ரிவேர்ஸிலதான் விட்டார். ஒரே தரத்தில விட்டார். அதை நான் அப்ப கவனிக்கேல்லை.

அடுத்தநாள் காலமை நான் ஒரு வெறும் போத்திலைக் கொண்டுபோய் ஏரியில மொண்டன். கிட்டப் பாத்தால் கடல் மாதிரித்தான். ஒரு வாய் குடிச்சன். ஓர்லிகோன் பைப் தண்ணி இதைவிட உப்பு. கரையில குந்தியிருந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினன். அப்பா இடுப்பில சாறத்தோட வந்து பக்கத்தில குந்தினார். அவரோட கோபம் எண்டதை மறந்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். ஆபிரிக்காக் கல்லு, முன்வாங்குப் பெடியன், வட்டத்துக்கு நடுவில நிண்டு சொல்லோணும் எண்டது, எல்லாம். வாசிக்கத் தெரியாது எண்டதை மட்டும் சொல்லேல்லை. எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு.

அப்பா போத்திலை வாங்கிக்கொண்டு எழும்பினார். வண்டிக்குள்ள போய் உப்புச் சரையை எடுத்துக்கொண்டு வந்து படியில இருந்தார். ரெண்டு விரலால கிள்ளிப் போட்டார். மூடிக் குலுக்கினார். மூடியில ஊத்தி நாக்கில வச்சார். தலையாட்டினார், இல்லை. இன்னும் கொஞ்சம். குலுக்கினார். நாக்கில வச்சார். இல்லை.

எனக்குப் பொறுமை போச்சு. உப்புத்தண்ணி எண்டால் உப்பைக் கொட்டிக் குலுக்கிறதுதானே. மாமா கரையில பந்தோட நிண்டு என்னைக் கூப்பிடுறார். "காணும் அப்பா, தாங்கோ" எண்டு கையை நீட்டினன்.

"பொறு தம்பி. இன்னும் வரேல்லை."

அம்மா உள்ளுக்க இருந்து எட்டிப் பாத்து, "இஞ்சாருங்கோ, உப்பு முழுக்கக் கொட்டினால் கறிக்கு நான் என்ன செய்யிறது?" எண்டா. அப்பாவுக்குக் காதில விழேல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒருக்கா கிள்ளிப் போடுறது, குலுக்கிறது, நாக்கில வைக்கிறது. மற்ற நேரமெல்லாம் துப்பினவர், கடைசித் தரம் துப்பேல்லை. வாயில வச்சுக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் ஒரு வாய்த் தண்ணியை ஆரும் வச்சிருந்து நான் காணேல்லை. பிறகு விழுங்கினார்.

"அந்தக் கசப்பு வராது" எண்டார். "ஆனா இது சரி."

மூடியை இறுக்கிப் பூட்டி என்ர கையில தந்தார். நான் பறிச்சுக்கொண்டு பந்தடிக்க ஓடினன். ஒரு போத்தில் தண்ணிக்கு மனுஷன் இவ்வளவு நேரம் மினைக்கெட்டாரே எண்டு எனக்கு எரிச்சல். திரும்பிப் பாக்கேக்க அவர் இன்னும் படியிலதான் இருந்தார், உப்புச் சரை மடியில, மற்றக் கரையைப் பாத்துக்கொண்டு.

விடுமுறை முடிஞ்ச திங்கக்கிழமை வகுப்பில வட்டமா இருந்தம். போத்திலை நடுவில வச்சன். முன்வாங்குப் பெடியன் எழும்பி வந்தான். மூடியைத் திறந்து மணந்து பாத்தான். ரீச்சர் வேண்டாம் எண்டு சொல்ல முதல் ஒரு வாய் குடிச்சான். எல்லாரும் அவன்ர முகத்தைப் பாக்கினம். அவன் கண்ணை மூடி, நாக்கைச் சுழட்டி...

பொறுங்கோ. அப்பா கூப்பிடுறார்.

"தம்பி! டேய், ஓடி வா! இஞ்ச ஒண்டில மரம் நிக்குது!"